ஆயிரத்துச் சொச்சம் இல்லை, இரண்டு ஆம்

கல்லூரிக்கு வந்த முதல் நாள் அவள் அழுதாள். பத்து நிமிடம் இருக்கும். விடுதி அறையில் கொண்டுவந்து விட்ட அப்பா, லிஃப்ட் மெக்கானிக். பெட்டியை இறக்கி வைத்தார், கட்டிலை ஆட்டிப் பார்த்தார், அது ஆடியது. சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்து நான்கு கால்களையும் முடுக்கிவிட்டு, "வரேன் பாப்பா" என்று திரும்பிப் பார்க்காமல் கிளம்பிவிட்டார். ஆடாத கட்டிலில் உட்கார்ந்து அவள் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு போய் இரண்டு தட்டு சாப்பிட்டாள். விஷயம் அவ்வளவுதான். கல்லூரி சும்மா இருந்திருந்தால் அவளே அதை மறந்திருப்பாள்.

கல்லூரியால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த வருடம்தான் அங்கே 'மன உறுதி மற்றும் உள்ளநல மேம்பாட்டு உயர் மையம்' திறந்திருந்தார்கள். பெயர்ப் பலகை வாசலைவிட நீளமாகிவிட்டதால் 'உயர் மையம்' என்கிற பகுதி மட்டும் பக்கத்துச் சுவரில், கழிவறைக் கதவுக்கு மேலே இருந்தது. புதிதாக வந்தவர்கள் சிலர் அதை நம்பி உள்ளே போய்விட்டு ஏமாற்றமில்லாமல் திரும்பி வந்தார்கள்.

இரண்டாம் நாள் காலை புதிய மாணவர்கள் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேரையும் அரங்கத்தில் உட்கார வைத்து ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். நாற்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. பென்சில் விநியோகித்த மூன்றாம் வருட மாணவன் வரிசை வரிசையாகக் குனிந்து ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டு போனான்.

"யோசிக்காம எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுட்டு எழுந்து போயிடுங்க. ஆம்னு போட்டா தேடி வருவாங்க."

நல்ல பிள்ளைகள், சொன்னபடி செய்தார்கள். இவளுக்கு மட்டும் கை வரவில்லை. அப்பா லிஃப்ட்டுகளைச் சோதித்துவிட்டு அட்டவணை நிரப்புவதைப் பார்த்து வளர்ந்தவள். "பாக்காம எழுதக் கூடாது பாப்பா. அதுல ஆள் ஏறுவாங்க" என்பார் அவர். முதல் கேள்வி: நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா? கொஞ்சம் யோசித்தாள். இருக்கிறோம் என்றுதான் பட்டது. ஆம். ஏழாவது கேள்வி: கடந்த ஒரு வாரத்தில் அழுதீர்களா? ஆம். மற்ற முப்பத்தெட்டுக்கும் இல்லை.

மாலைக்குள் கணினி முடிவைச் சொல்லிவிட்டது. ஆயிரத்து நூற்றுப் பதினோரு பேர் மன உறுதி மிக்கவர்கள். நலிவுற்றவர் ஒருவர். அந்த ஆயிரத்து நூற்றுப் பதினோரு பேரும் 'மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா' என்பதற்கும் இல்லை என்றே போட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கணினிக்கு இல்லைகளை எண்ணத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆக, அந்தக் கல்லூரியில் மகிழ்ச்சியாக இருந்த ஒரே ஆள்தான் நோயாளி.

மறுநாள் கணித வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஆறு பேர் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"யாரும்மா அழுதது?" என்று வாசலிலிருந்தே கேட்டார் முன்னால் வந்தவர்.

அவள் எழுந்து நின்றாள். நடந்தே வருவதாகச் சொன்னாள். விதிப்படி நாற்காலி வந்தாக வேண்டும் என்றார்கள். கடைசியில் அவள் நடந்தாள், நாற்காலி காலியாகக் கூடவே வந்தது. மூன்று கட்டடங்களின் ஜன்னல்களிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. அன்று மதியத்திலிருந்து அவளுக்குப் பெயர் 'ஆமாம்' என்று ஆகிவிட்டது.

மையத்தின் இயக்குநர் முப்பது வருடம் கான்கிரீட் பாடம் நடத்தியவர். கட்டடப் பொறியியல் துறையில் கான்கிரீட் கட்டிகளை எந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்று பார்க்கும் ஆய்வுக்கூடம் அவருடையது. உறுதியைப் பற்றி அவ்வளவு தெரிந்தவர் கல்லூரியில் வேறு யாருமில்லை என்பதால் மனத்தையும் அவரிடமே ஒப்படைத்திருந்தார்கள்.

"பயப்படாதேம்மா" என்றார் அவர். "மனுஷனும் கான்கிரீட்டும் ஒண்ணுதான். ஊத்தின உடனே பலம் வராது. தண்ணியில ஊறணும். இருபத்தெட்டு நாள். இருபத்தெட்டாம் நாள் நீ எப்படி நிக்கறேன்னு மட்டும் பாரு."

"சார், நான் இப்பவே நல்லாத்தான் சார் இருக்கேன்."

"எல்லாக் கட்டியும் அப்படித்தான் சொல்லும்" என்றார் இயக்குநர்.

அவளுக்கு ஒரு கோப்பு திறக்கப்பட்டது. கோப்பு எண் ஒன்று. கழுத்தில் மாட்டிக்கொள்ள மஞ்சள் அட்டை ஒன்று தந்தார்கள். அதில் அவள் படமும் எண்ணும் இருந்தன. அதை வாசலில் காட்டினால் கதவு திறக்கும். தினமும் நான்கு மணிக்கு ஆலோசகரைப் பார்க்கலாம். விடுதியில் அவள் அறைக் கதவில் அறிவிப்பு ஒன்றும் ஒட்டினார்கள்: 'இங்கு உறுதிப்பணி நடைபெறுகிறது. மெதுவாகச் செல்லவும்.' மையத்தில் 'மகிழ்ச்சி மூலை' என்று ஓர் இடம் இருந்தது. மெத்தை போட்ட நாற்காலிகளின் பாலிதீன் உறையைப் பிரிக்கக் கூடாது, ஆய்வுக் குழு வரும்வரை புதிதாக இருக்க வேண்டும். அவள் அதில் உட்கார்ந்து தினமும் பதினைந்து நிமிடம் மகிழ வேண்டும். வியர்த்து வழிய மகிழ்ந்தாள்.

அந்த மையத்தில் வேலை தெரிந்த ஒரே ஆள் ஆலோசகர்தான். ஆகவே அவரை உடைந்த மேசைகள் போட்டு வைத்திருந்த பின்னறையில் உட்கார வைத்திருந்தார்கள். தற்காலிக நியமனம். எப்போதும் ஜலதோஷம் பிடித்த மூக்கோடு இருந்த அந்த அம்மாள், பதினான்கு பக்கப் படிவத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, "ஏன் அழுத?" என்று மட்டும் கேட்டார்.

அவள் கட்டிலைப் பற்றிச் சொன்னாள். திருப்புளியைப் பற்றிச் சொன்னாள்.

ஆலோசகர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அழ வேண்டிய விஷயம்தான்" என்றார். "டீ சாப்பிடறியா?"

முதல் நாளே பேச வேண்டியது தீர்ந்துபோயிற்று. அதற்குப் பிறகு தினமும் நான்கு மணிக்கு அவள் அங்கே போய் வீட்டுப்பாடம் எழுதினாள், ஆலோசகர் குறுக்கெழுத்துப் போட்டார். இருவருக்கும் நன்றாகவே பொழுது போனது.

ஏழாம் நாள் அவள் இயக்குநரிடம் போய், தன்னை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டாள். இயக்குநர் ஆடிப்போய்விட்டார்.

"ஏழு நாள்லயா? ஏழாம் நாள் மூணுல ரெண்டு பங்கு பலம்தாம்மா வரும், புஸ்தகத்துல இருக்கு. அதுவுமில்லாம ஆய்வுக் குழு வர்றது இருபத்தெட்டாம் நாள். நீ இப்பவே குணமாயிட்டா அவங்களுக்கு நான் யாரைக் காட்டுவேன்? கொஞ்சம் பொறுப்பா நடந்துக்கோ."

அன்றைக்கே புகைப்படக்காரரை வரவழைத்து 'முன்' படம் எடுத்தார்கள். அவள் முகம் எவ்வளவு சொன்னாலும் சோகமாகவில்லை. "வாயைக் கொஞ்சம் கீழ இழும்மா, கண்ணாடியைக் கழட்டு" என்று புகைப்படக்காரர் பாடாய்ப் படுத்தி ஒருவழியாக எடுத்து முடித்தார். திரும்ப வர நேரமில்லை என்பதால் 'பின்' படத்தையும் அங்கேயே, அதே உடையில், அடுத்த நிமிடமே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, அறைத்தோழியின் விஷயம் வரும்வரை.

அறைத்தோழியை எல்லோரும் 'மெடல்' என்பார்கள். பள்ளியில் வாங்கிய பதினெட்டுப் பதக்கங்களையும் பெட்டியில் கொண்டுவந்திருந்தாள். படிவத்தில் நாற்பது இல்லை போட்டு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியவள். (மீதி இரண்டு கையெழுத்துக்காகப் பிடித்துக்கொண்டார்கள்.) அவளை 'மன உறுதித் தூதர்' என்று அறிவித்து, பட்டுத் துணியில் நீலப் பட்டை ஒன்று தோளில் போட்டிருந்தார்கள்.

பத்தாம் நாள் வேதியியல் தேர்வு மதிப்பெண்கள் வந்தன. மெடலுக்கு ஐம்பதுக்குப் பதினொன்று. அவள் விடைத்தாளை நான்காக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒன்பது நாள் வகுப்புக்குப் போகவில்லை. தலை வாரவில்லை. ஆமாம் கொண்டுவந்து வைக்கிற ரொட்டி வைத்த இடத்திலேயே காய்ந்தது. நீலப் பட்டை கட்டில் காலில் தொங்கியது.

"ஏய், என்னதான்டி ஆச்சு? சொல்லேன்" என்று ஒருநாள் அவள் தோளைத் தொட்டுக் கேட்டாள் ஆமாம்.

"ஒண்ணும் இல்ல. தூக்கம் வருது, அவ்வளவுதான்" என்றாள் மெடல். தூங்குகிறவள் குரல் இல்லை அது. கல்லூரிக்கு வந்த பிறகு முதல்முறையாக ஆமாமுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

இயக்குநரிடம் ஓடினாள். "சார், என் ரூம்மேட்டுக்கு உடனே உதவி வேணும் சார். சாப்பிட மாட்டேங்கறா, எழுந்திருக்க மாட்டேங்கறா."

இயக்குநர் கணினியில் பார்த்தார். "தொண்ணூத்தெட்டு" என்றார் பெருமையாக. "நம்ம தூதரும்மா அவங்க. தூதருக்கு எப்படி மனசு கஷ்டப்படும்?"

"இப்ப கஷ்டப்படறா சார். இன்னொரு படிவம் குடுங்க, நானே எழுத வைக்கறேன்."

"படிவம் வருஷத்துக்கு ஒரு தடவை. ஆம்னு போட்டவங்களுக்குத்தான் கோப்பு. இஷ்டத்துக்குக் கோப்பு திறந்தா என்ன ஆகும்? நம்ம சதவீதம் இறங்கிடும். சதவீதம் இறங்கினா மையத்துக்கு அவமானம். மையம் அவமானப்பட்டா மாணவர்களோட மனநலத்தை யார் பாத்துக்கறது?" கேள்வி அவருக்கே பிடித்துப்போனது. குறித்து வைத்துக்கொண்டார்.

அவள் பின்னறைக்குப் போனாள். ஆலோசகர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குறுக்கெழுத்தை மூடி வைத்தார். "கோப்பு இல்லாத ஆளைப் பாத்தா என்னை நாளைக்கே அனுப்பிடுவாங்க. அப்புறம் இங்க பாக்கறதுக்கு ஒருத்தரும் இருக்க மாட்டாங்க" என்றார். கோப்பு எண் ஒன்றை முன்னால் இழுத்து வைத்தார். "உன் கோப்பு திறந்துதான் இருக்கு. நாளைக்கு நாலு மணிக்கு மஞ்ச அட்டையோட வர்றவங்களை நான் பாப்பேன். அதுதான் என் வேலை."

மறுநாள் மூன்றரைக்கு ஆமாம் மெடலை எழுப்பி உட்கார வைத்தாள், தலை வாரினாள், தன் அட்டையை அவள் கழுத்தில் மாட்டினாள். "எனக்கு ஒண்ணும் இல்லடி" என்று மெடல் நூறு தடவை சொன்னாள். "சரி, ஒண்ணும் இல்லைன்னு அங்க வந்து சொல்லு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஆலோசகர் கோப்பைத் திறந்தார். படத்தைப் பார்த்தார். எதிரே நின்றவளைப் பார்த்தார்.

"கண்ணாடி எங்க?"

"மறந்துட்டா மேடம்" என்றாள் ஆமாம், வாசலிலிருந்து, தன் கண்ணாடியைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு.

"ஃபோட்டோவுல எல்லாரும் வேற மாதிரித்தான் இருப்பாங்க" என்று கோப்பைக் கவிழ்த்து வைத்தார் ஆலோசகர். "உக்காரும்மா. எப்ப சாப்பிட்ட?"

அந்த ஒரு கேள்வியில் மெடலுக்கு உதடு கோணிற்று. பிறகு அவள் அழுத அழுகை உடைந்த மேசைகளையெல்லாம் தாண்டிக் கேட்டது. ஆமாம் கதவைச் சாத்திவிட்டு வெளியே மகிழ்ச்சி மூலையில் போய் உட்கார்ந்தாள். பாலிதீன் சரசரத்தது. நிம்மதியில் அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது.

அடுத்து வந்த நாட்களில் தினமும் நான்கு மணிக்கு மெடல் போனாள். மெடலின் அம்மாவிடம் ஆலோசகர் தொலைபேசியில் பேசினார், வேதியியல் ஆசிரியரிடமும் பேசினார். ஐந்தாம் நாள் மெடல் அரை ரொட்டி தின்றாள். ஏழாம் நாள் தலைக்குக் குளித்தாள், அதைப் பார்த்து ஆமாம் மறுபடி ஒரு பாட்டம் அழுதாள். "இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும், நடுவுல விடக் கூடாது" என்றார் ஆலோசகர். ஆமாமின் கோப்பை இருபத்தெட்டாம் நாள் மூடிவிடுவார்கள், அதற்கு இரண்டு நாள்தான் இருந்தது.

இருபத்தெட்டாம் நாள் ஆய்வுக் குழு வந்தது. மூன்று பேர். நடுவில் இருந்த தலைவர் அதிகம் பேசாத மனிதர். மேடையில் 'முன்', 'பின்' படங்களை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் மாணவர்களும் வருகைப் பதிவு கட்டாயம் என்பதால் மனநலத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நீலப் பட்டையோடு மெடல் முன்வரிசையில் இருந்தாள்.

இயக்குநர் பேசினார். "இந்தக் கல்லூரியில் இந்த ஆண்டு ஒரே ஒரு மாணவிதான் அழுதார் என்பதைப் பெருமையோடு தெரிவிக்கிறேன். அவர் அழுகையையும் நிறுத்திவிட்டோம். வேறு எந்தக் கல்லூரியிலும் அழுகிறவர்களை இவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடிக்க முடியாது. மற்றவர்கள் அழுகிறார்களா என்று கேட்பீர்கள். நாங்கள் கேட்கவில்லை. அவர்களுடைய தனிமையை நாங்கள் மதிக்கிறோம்." கைதட்டல் விழுந்தது.

தலைவர் ஆமாமை மேடைக்கு அழைத்தார். கோப்பை மூடுவதற்கு முன் படிவத்தில் அவள் ஆம் போட்ட இரண்டு கேள்விகளை மறுபடி கேட்க வேண்டும், அதுதான் முறை.

"சந்தோஷமா இருக்கியாம்மா?"

"ஆமா சார்."

இயக்குநரின் முகம் மலர்ந்தது.

"இந்த வாரம் அழுதியா?"

அவள் கீழே பார்த்தாள். மெடல் நீலப் பட்டையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பெயரும் சக்கர நாற்காலியும் கதவு அறிவிப்பும் இன்றோடு தொலையும். நாளை நான்கு மணிக்குக் கதவும் திறக்காது.

"ஆமா சார். அழுதேன்" என்றாள். நிஜமும் அதுதான்.

'பின்' படத்திலிருந்து இன்னொரு ஆமாம் ஈயென்று சிரித்துக்கொண்டிருந்தாள். தலைவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சந்தோஷமாவும் இருக்கே, அழுதும் இருக்கே. ரெண்டும் எப்படிம்மா?"

"ரெண்டும்தான் சார். எல்லாருக்கும் அப்படித்தானே?"

தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டார். முப்பது வருட அனுபவம் சும்மாவா? "ஐயா, ஒரு கட்டியாவது உடைஞ்சாத்தான் சோதனை எந்திரம் வேலை செய்யுதுன்னு அர்த்தம்! இது நாள்பட்ட கேஸ். இந்தப் பொண்ணுக்காக இன்னையிலேருந்து மையத்தை நாள் முழுக்கத் திறந்து வெக்கறோம். எப்ப வேணா வரலாம், எத்தனை தடவை வேணா வரலாம், அந்த ஒரே மஞ்ச அட்டைக்கு!"

குழு மையத்துக்கு முதல் தரச் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனது.

மறுநாள் காலை விடுதி அறைக் கதவைத் தட்டினார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண், பக்கத்துக் கட்டடத்துக்காரி. தரையைப் பார்த்துக்கொண்டே, "அந்த அட்டை, ஒரு மணி நேரம் கிடைக்குமா?" என்றாள். அதற்கடுத்த நாள் மூன்று பேர் வந்தார்கள். அன்று அரங்கத்தில் பென்சில் கொடுத்துப் புத்தி சொன்ன மூன்றாம் வருட மாணவன் ஒருநாள் மையத்து வாசலில் வந்து நின்றான், ஆறடி உயரம், தாடி. ஆலோசகர் படத்தைப் பார்த்தார், தாடியைப் பார்த்தார், கோப்பைக் கவிழ்த்து வைத்தார். மெடல் மறுதேர்வில் ஐம்பதுக்கு இருபத்தேழு வாங்கி, அந்த விடைத்தாளை மடிக்காமல் சுவரில் ஒட்டினாள். வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள், பதினெட்டுப் பதக்கம் வாங்கியவள் சும்மா இருப்பாளா? ஆமாம் சில நாட்களில் ஒன்பது தடவை மையத்துக்குப் போனதாகவும், அதே நேரத்தில் வேதியியல் கூடத்திலும் இருந்ததாகவும் கணினி பதிவுசெய்தது. கணினி ஆச்சரியப்படவில்லை.

வருடக் கடைசியில் கல்லூரி அவள் வீட்டுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. அது கிடைத்த சாயங்காலமே அப்பா தொலைபேசியில் அழைத்தார்.

"பாப்பா, லெட்டர் வந்திருக்கு. நீ முந்நூத்திப் பன்னெண்டு தடவை மனசு சரியில்லைன்னு போயிருக்கியாம். கல்லூரி எவ்வளவோ பாடுபட்டும் நீ ஒத்துழைக்கலையாம். உங்கம்மா பையெல்லாம் எடுத்து வெச்சுட்டா. இப்பவே கெளம்பி வரோம்."

"ஐயோ, வேணாம்ப்பா. எனக்கு ஒண்ணும் இல்ல." அவள் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். கட்டில் இப்போதும் ஆடவில்லை.

"அப்ப லெட்டர்ல இருக்கறது பொய்யா?"

"பொய் இல்லப்பா. ஒவ்வொரு தடவையும் யாரோ மனசு சரியில்லாமதான் போனாங்க. பேரு மட்டும்தான் என்னோடது."

அப்பா, அம்மாவிடம் பையை வைத்துவிடச் சொல்வது கேட்டது. பிறகு தொழில்காரர் குரலில் கேட்டார்:

"ஒரே அட்டையில அத்தனை பேர் ஏறினா லோடு தாங்குமா பாப்பா?"

கதவை யாரோ தட்டினார்கள். திறந்தாள். அழுது வீங்கிய கண்களோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்கதானே ஆமாம்?"

"ஆமா" என்றாள். "தாங்குதுப்பா, ஒரு நிமிஷம் இருங்க" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி அந்தப் பெண்ணின் கழுத்தில் மாட்டினாள்.